தன்னார்வ மூச்சு அலுவலர்

எங்கள் ஊர் ஹெரன் இன்லெட்டில் கட்டாயம் என்று எதுவுமே கிடையாது. எல்லாம் அவரவர் விருப்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது உங்கள் விருப்பம். போகாவிட்டால் திங்கட்கிழமை காலையில் நாலு பெண்கள் கேசரோல் என்று நாங்கள் சொல்லும் கோழிப் பதார்த்தத்தை ஆளுக்கொரு பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்று, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் இன்னும் அதிகமாக வருத்தப்படுவார்கள். வீட்டு முன்னால் புல் வெட்டுவது விருப்பம், வாசலில் கொடி கட்டுவதும் விருப்பம். தென் கரோலினா கடற்கரையிலேயே இவ்வளவு சுதந்திரமான ஊர் வேறு கிடையாது என்று மேயர் சொல்வார். அதை மறுப்பதும் விருப்பம்தான். இதுவரை யாரும் விரும்பவில்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான் பிடித்த மீனைத் தண்ணீரில் திருப்பி விடுவதும் எங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டது.

அந்த ஜனவரியில் கழிமுகம் உறைந்துபோனது. ட்ரௌட் என்று நாங்கள் சொல்லும் புள்ளிமீனுக்குக் குளிர் ஆகாது. முதுகெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்த அழகான மீன். வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையெல்லாம் மிதந்தது. பெலிக்கன் பறவைகளே தின்று அலுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டன. மாநில மீன்வளத் துறையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய மீன்பிடி மேடைக்குப் பக்கத்தில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். என் கடை முன்னால் நின்றுதான் பேசினாள். மிஞ்சிய மீன்கள் வசந்தத்தில் முட்டை போடட்டும், முடிந்தவர்கள் சில மாதங்களுக்குப் பிடித்த ட்ரௌட்டைத் திருப்பி விட்டுவிடுங்கள், இது வேண்டுகோள்தான், சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"மீனத் தண்ணியிலேர்ந்து தூக்கும்போது நீங்களும் மூச்சப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு முட்டுதுன்னா அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம். உடனே விட்டுருங்க."

நல்ல பெண், நல்ல வார்த்தை. ஊர் அதோடு விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இருந்திருக்காது. ஆனால் அந்த வாரமே 'ஹெரன் இன்லெட் தன்னார்வ விடுவிப்புச் சங்கம்' தொடங்கப்பட்டது. தலைவர் டாக்டர் ப்ரேலோ. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருப்பவர்களிடமே காலமெல்லாம் பேசியவர். அதனால் எதிராளி பதில் சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொண்டான் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு.

மறுநாளே மேடையில் பலகை வைத்தார்கள். 'மீனை விடுவது உங்கள் விருப்பம். விரும்பாதவர்கள் எங்கள் தன்னார்வலரைச் சந்தித்துவிட்டுச் செல்லவும்.' பலகைக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை மணி. யாராவது மீனை விட்டால் மணி அடிக்கும், மேடையில் நிற்கும் எல்லாரும் கைதட்டுவார்கள். கைதட்டுவதும் விருப்பம்தான்.

இதெல்லாம் என்னை ஒன்றும் செய்திருக்காது. தூண்டிலில் மாட்ட இறால் விற்கிறவனுக்கு மீன் கரைக்கு வந்தால் என்ன, கடலுக்குப் போனால் என்ன. ஆனால் என் அக்கா வெர்னாவுக்கு ட்ரௌட் தேவைப்பட்டது.

வெர்னாவுக்குப் புற்று. ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மருந்து புற்றை என்ன செய்ததோ, அவள் நாக்கைக் கொன்றுவிட்டது. எதை வாயில் வைத்தாலும் செப்புக்காசைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்பாள். சூப், புட்டிங், டாக்டர் கொடுத்த சத்துமாவுப் பால், சர்ச்சுப் பெண்களின் கேசரோல் எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள். எடை இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் அடுத்த ஊசியை உடம்பு தாங்காது, நிறுத்தவேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ட்ரௌட் வறுத்துக் குடுத்தா திம்பேன்" என்றாள். அவள் வாயிலிருந்து 'திம்பேன்' என்ற சொல் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அவள் புருஷன் ஹாலிஸ் அப்போதே தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஹாலிஸைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். யாருமே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை வந்ததும் வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். ஊர் பேண்டில் ட்யூபா வாசிப்பான். ஆளையே விழுங்குகிற மாதிரி இருக்குமே, அந்தப் பெரிய பித்தளைக் குழல். பேச்சு குறைவு. யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. நீ அவளுடைய தம்பிதானே, தூண்டில் கடைக்காரன் வேறு, நீயே ஒரு மீனைப் பிடித்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு மீன் பிடிக்க வராது. கடை வைத்த நாளிலிருந்து இந்த ரகசியத்தைக் காப்பாற்றி வருகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மீன் வாங்கி வறுத்துக் கொடுத்துப் பார்த்தேன். "இது மீனா, பார்சல் அட்டையா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

குளிருக்குப் பிழைத்த ட்ரௌட் எல்லாம் மேடைக்கு அடியில் இருந்த ஆழத்தில்தான் ஒதுங்கியிருந்தன. ஹாலிஸ் அங்கே நின்று தூண்டிலைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் நல்ல மீன் ஒன்று ஏறியது. அளவு சரி, லைசென்ஸ் பையில் இருந்தது. பனிப்பெட்டியின் மூடியைத் திறந்தான். அவன் தோளுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

டார்லா. சங்கத்தின் மேடைப் பொறுப்புத் தன்னார்வலர். சின்ன வயதில் ஹாலிஸின் பஸ்ஸில் போனவள்தான்.

"மிஸ்டர் ஹாலிஸ், நான் உங்களத் தடுக்கவே மாட்டேன். உங்க மீன், உங்க விருப்பம்."

"சரிம்மா."

"நான் சும்மா இங்க ஓரமா நின்னு அழுதுக்கறேன். என்னக் கண்டுக்காதீங்க."

"எதுக்கும்மா அழுவற? வெர்னாவுக்கு உடம்பு சரியில்ல. இது ஒண்ணே ஒண்ணுதான் வேணும்."

"ஐயோ, மிஸ் வெர்னாவுக்காக நான் தினம் ஜெபம் பண்றேன். நீங்க தாராளமா எடுத்துட்டுப் போலாம். போறதுக்கு முன்னாடி இத மட்டும் மீன் கிட்டப் படிச்சுக் காட்டிடுங்க. அதுகூட விருப்பம்தான். ஆனா எல்லாரும் படிச்சிருக்காங்க."

அவள் நீட்டிய அட்டையையும் ஒலிபெருக்கியையும் வாங்கிக்கொண்டான் ஹாலிஸ். அவனுக்கு எதையும் வாங்காமல் இருக்கத் தெரியாது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேடை முழுக்கக் கேட்கும்படி, மீனின் முகத்தைப் பார்த்துப் படித்தான்.

"அன்புள்ள ட்ரௌட்டே, நான் முழு சுயநினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும், உன்னையும், நீ போடவிருக்கும் முட்டைகளையும், அந்த முட்டைகளின் பேரப்பிள்ளைகளையும் இன்றிரவு..."

பேரப்பிள்ளைகள் வந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது. மேடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாலிஸ் குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டான். மணி அடித்தது. கைதட்டினார்கள். டார்லா அவனைக் கட்டிக்கொண்டு, "நீங்க விடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அன்று மத்தியானம் வெர்னா, "மீன் எங்க?" என்று கேட்டாள். "கைதட்டுனாங்க" என்றான் ஹாலிஸ்.

என் அக்காவுக்கு எடைதான் குறைந்திருந்தது, வாய் குறையவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான். "மச்சான், அந்த ப்ரேலோவப் போய்ப் பாரு. விஷயத்தச் சொல்லு. ஒரே ஒரு மீனு. மனுஷன்தானே" என்று நான்தான் அனுப்பிவைத்தேன். தனியாக அனுப்பினால் வேறு எதற்காவது சம்மதித்துவிட்டு வருவான் என்று கூடவே போனேன். அப்படியும் சம்மதித்துவிட்டுத்தான் வந்தான்.

சங்கத்தின் அலுவலகம் டாக்டரின் பழைய பல் ஆஸ்பத்திரி. சாமான்கள் எதையும் மாற்றவில்லை. பார்க்க வருகிறவர்கள் உட்கார அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. ஹாலிஸ் அதில் உட்கார்ந்ததும் டாக்டர் பழக்க தோஷத்தில் மிதிகட்டையை அழுத்தினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அந்தக் கோலத்தில் ஹாலிஸ் தன் மனைவியின் வியாதியைக் கூரையிடம் சொன்னான்.

டாக்டர் முழுவதும் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஹாலிஸ், உங்களுக்கு விலக்கு குடுக்கணும்னு எனக்குத் துடிக்குது. ஆனா தடை இருந்தாத்தானே விலக்கு குடுக்க முடியும்? இங்க தடையே இல்லியே. இல்லாத தடைக்கு எப்பிடி நான் விலக்கு குடுக்கறது?"

"அப்ப நான் எடுத்துட்டுப் போலாமா, டாக்டர்?"

"தாராளமா. யார் வேண்டாங்கறது?"

"அப்ப அந்தப் பொண்ணு அழுவாம இருக்கச் சொல்லுங்க."

"அது எப்பிடி? அழறது அவ விருப்பம். சங்கம் யாரையும் கட்டாயப்படுத்தாது."

நான் குறுக்கே புகுந்தேன். "டாக்டர், எங்கக்கா சாப்பிடலேன்னா ஊசிய நிறுத்திடுவாங்க. நீங்களும் ஒரு டாக்டர்தானே?"

"பல் டாக்டர்" என்று அவர் அடக்கத்தோடு திருத்தினார். பிறகு ஹாலிஸின் மார்பை ஒரு பார்வை பார்த்தார். "ஏன் ஹாலிஸ், நீங்க ட்யூபா வாசிக்கறவர்தானே? எவ்வளவு நேரம் மூச்சப் பிடிப்பீங்க?"

சங்கத்துக்குள் ஒரு சிக்கல் இருந்தது. சனிக்கிழமை சங்கத்தின் முதல் விடுவிப்பு விழா. டாக்டர் ஒரு மீனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொற்பொழிவாற்றிவிட்டுத் தண்ணீரில் விடவேண்டும். ஆனால் அந்தத் துறைப் பெண் சொன்னதைச் சங்கம் முதல் விதியாக எழுதிவைத்திருந்தது: மீன் வெளியே இருக்கிற நேரமெல்லாம் மூச்சைப் பிடிக்கவேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. ஆகவே மூச்சைப் பிடிக்கத் தனியாக ஒருவரை நியமித்தார்கள். ஒத்திகையில் டார்லா பிடித்தாள். டாக்டர் 'பெரியோர்களே' என்று முடிப்பதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது.

"விதிய மீறி என்னால பேச முடியாது" என்றார் டாக்டர். "மீனோட உயிர் முக்கியம். அதனாலதான் நல்ல நெஞ்சு உள்ளவரா தேடறோம். பிடிக்கறவர் எவ்வளவு நேரம் தாங்கறாரோ அவ்வளவு நேரம் மீனுக்கு ஆபத்து இல்ல."

ஹாலிஸ் படுத்தபடியே யோசித்தான். "டாக்டர், நான் மூச்சப் பிடிச்சா மீனுக்கு எப்பிடிக் காத்து போவும்?"

"விதியில அப்பிடித்தான் இருக்கு."

"இல்ல, மீனு..."

"வாயத் தொறங்க" என்றார் டாக்டர், பழைய ஞாபகத்தில். ஹாலிஸ் திறந்தான். பதில் வராததால் சம்மதம் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். நாற்காலி நிமிர்ந்தபோது ஹாலிஸ் சங்கத்தின் தன்னார்வ மூச்சு அலுவலர். விழா மீனைப் பிடித்துவரும் பொறுப்பும் அவனுக்கே, ஏனென்றால் சங்கத்தில் மீன் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வெளியே வந்ததும் அவனைத் திட்டித் தீர்த்தேன். அவன் பதவிக்கு அடையாளமாக டாக்டர் கொடுத்த நீல நாடாவைப் பார்த்தபடியே நடந்தான். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில அவளுக்கு எட போடுவாங்க" என்றான். அவன் பயந்துபோயிருந்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வெர்னா நாடாவை விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதையாச்சும் வறுக்க முடியுமா?" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஹாலிஸ் ஒரு மீனைப் பிடித்து என் கடைத் தொட்டியில் விட்டான். நல்ல வளர்த்தியான மீன். காற்றுக் குமிழிகளுக்கு நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. ஹாலிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "இப்பவே எடுத்துட்டு ஓடிருவோம் மச்சான்" என்று நான் கெஞ்சினேன். "வர்றேன்னு சொல்லிட்டேனே" என்றான். அவனோடு பேசி எவனும் ஜெயித்ததில்லை, அவன் பேசவே மாட்டான் என்பதால்.

மேடை நிறையக் கூட்டம். பேண்டு வாசித்தது; ட்யூபா இல்லாததால் பாட்டு அடிப்பாகம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. மேடையின் கரைப்பக்கத்திலிருந்து ஆழமில்லாத தண்ணீர் வரைக்கும் நீலத்துணி விரித்த சறுக்குப்பலகை ஒன்று செய்திருந்தார்கள். 'விடுதலைச் சரிவு' என்று அதற்குப் பெயர். டார்லா கையில் கொடி. டாக்டர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நாங்கள் மேடைக்குத் தூக்கி வந்திருந்த தொட்டியிலிருந்து மீனை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினார். கொடி இறங்கியது. ஹாலிஸ் நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டான். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன.

"பெரியோர்களே, தாய்மார்களே!" என்றார் டாக்டர். டார்லா ஹாலிஸைப் பார்த்தாள். ஹாலிஸ் சௌக்கியமாக இருந்தான். டாக்டரின் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. இவர் இப்போதைக்கு முடிக்கமாட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மீனப் பிடிக்கறவன் மனுஷன். அத விடறவன் பெரிய மனுஷன். விடறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை பேசறவன்தான் தலைவன்! இந்தச் சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து செத்துப்போன மீன் ஒண்ணுகூட எங்ககிட்ட வந்து புகார் சொன்னதில்ல!"

கைதட்டல். மீன் வாயைத் திறந்து மூடியது. அதுவும் பேச வந்தது போல இருந்தது.

"சில பேர் கேக்கறாங்க, டாக்டர், நீங்க எத்தனை மீனப் பிடிச்சு விட்டிருக்கீங்கன்னு. நான் மீன் பிடிச்சதே இல்ல. பிடிக்காத மீனத்தான் நான் அதிகமா விட்டிருக்கேன்! கடல்ல இப்ப நீந்தற ஒவ்வொரு மீனும் என்னால பிடிக்கப்படாத மீன்தான்!"

மறுபடி கைதட்டல். ஹாலிஸ் அசையவில்லை. பத்திரிகைக்காரன் படம் எடுக்க வந்தான். டாக்டர் மீனை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், முத்தம் கொடுப்பதுபோல உதட்டருகே வைத்தார், ஃப்ளாஷ் வேலை செய்யாததால் இன்னொருதரம் வைத்தார். மீனின் செவுள் மெதுவாகத் திறந்தது. மூடுவதற்கு வெகு நேரம் பிடித்தது.

ஹாலிஸ் அதைப் பார்த்துவிட்டான். அவன் முகம் என் பக்கம் இருந்தது. மூச்சை விட்டானானால் அந்தக் கணமே விதிப்படி மீன் தண்ணீருக்குப் போய்விடும். விடப்போகிறான் என்று நினைத்தேன். உதடு பிரிந்துகூட வந்தது. அப்போது அவன் மீனைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், மறுபடி மீனைப் பார்த்தான். அவன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதை நான் என் கண்ணால் கண்டேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். வாழ்நாளில் முதல் தடவையாக ஹாலிஸ் சிவப்பு விளக்கைப் பார்த்தும் நிற்கவில்லை.

டாக்டர் இன்னும் உற்சாகமாகிவிட்டார். "அடுத்த வருஷம் தட்டை மீன். அதுக்கடுத்து இறால். அப்புறம் சிப்பி! சிப்பிய அதோட பாறையில அதே எடத்துல திருப்பி ஒட்டி வைக்கற திட்டம் கைவசம் இருக்கு!" ஹாலிஸ் சிவந்தான். "ஒரு நாள் இந்த ஊர்ல தூண்டிலே இல்லாம மீன் பிடிப்போம், மீனே இல்லாம விடுவிப்போம்!" ஹாலிஸ் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தான். கண் பிதுங்கியது. டார்லா, "டாக்டர், மிஸ்டர் ஹாலிஸ்..." என்றாள். "இன்னும் நன்றி சொல்லல" என்றார் டாக்டர். எல்லாருக்கும் நன்றி சொன்னார். துணி கொடுத்தவருக்கு, மணி கொடுத்தவருக்கு, தம் மனைவிக்கு, கடைசியாக மீனுக்கு.

"நன்றி" என்று அவர் முடித்ததும் ஹாலிஸ் விட்ட மூச்சில் டார்லாவின் தொப்பி பறந்தது. மணி அடித்தது. டாக்டர் மீனைச் சரிவில் வைத்தார். மீன் சறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது.

"ஓய்வு எடுக்குது" என்றார் டாக்டர்.

"சந்தோஷத்துல மயங்கிடுச்சு" என்றாள் டார்லா.

ஹாலிஸ் என்னிடம் வந்து கையை நீட்டினான். என் கடைக் கைவலையைக் கொடுத்தேன். ஏணியில் இறங்கி, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நடந்துபோய், பெலிக்கன் ஒன்று மூக்கை நீட்டுவதற்குள் மீனை வலையில் அள்ளிவிட்டான்.

"ஹாலிஸ்! அது விடுவிக்கப்பட்ட மீன்!" என்று மேலேயிருந்து டாக்டர் கத்தினார்.

"ஆமா டாக்டர். நல்லா விட்டீங்க." மூச்சு இன்னும் திரும்பாததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசினான். "இப்ப நான் புதுசாப் பிடிச்சிருக்கேன். வலையில. லைசென்ஸ் இருக்கு."

"அத எடுத்துட்டுப் போவக்கூடாது!"

"தடை இருக்கா, டாக்டர்?"

"தடை இல்ல. ஆனா..."

"உசுரோட இருக்குன்னா நான் பிடிச்ச மீன். வீட்டுக்குக் கொண்டுபோறது என் விருப்பம். செத்துப்போச்சுன்னா..." ஹாலிஸ் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தான். எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "செத்துப்போச்சுன்னா, எப்பச் செத்துச்சுன்னு சொல்லிடுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

டாக்டர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். அந்தக் கோலத்தில் எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார்! எனக்கு மட்டும் அப்போது ஒரு சாயும் நாற்காலி கிடைத்திருந்தால் தள்ளிக்கொண்டு வந்து போட்டிருப்பேன். நான் தனியாகக் கைதட்டினேன். அது முழுக்க என் விருப்பம்.

சங்கத்தின் அறிக்கை மறுவாரம் வந்தது. விழா முழு வெற்றி. விடுவிக்கப்பட்ட மீன் உள்ளூர்க் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டது என்று போட்டிருந்தார்கள். டாக்டர் இப்போது மாவட்டச் சங்கத்துக்கும் தலைவர். அது இருக்கட்டும். அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஹாலிஸ் ஈரக் கால்சட்டையோடேயே மீனைச் சுத்தம் செய்தான். இரும்பு வாணலியில் எண்ணெயைக் காய்ச்சி, துண்டுகளைச் சோளமாவில் புரட்டிப் போட்டான். "அது பாவம்" என்று ஒருதரம் சொன்னான், மீனைத்தான். நான் க்ரிட்ஸ் என்ற சோளக் கஞ்சியைக் கிண்டினேன். வெர்னா மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சட்டைக்குள் அவள் இருக்கிறாளா என்று தேடவேண்டியிருந்தது. தட்டை வைத்துவிட்டு இரண்டு பேரும் நின்றோம். அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவ்வளவுதான், இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

"மாவுல உப்பே போடலியா?" என்றாள் வெர்னா. "இவ்ளோ நல்ல மீன இப்பிடியா பாழ்பண்ணுவே? கட்டிக்கிட்டு இத்தன வருஷமாச்சு, இன்னும் உப்பு போடத் தெரியல ஒனக்கு!"

ஹாலிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து, கரித்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. உப்பு டப்பா கண்முன்னாலேயே இருந்தும் தேடிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு இப்ப? அந்த உப்ப எடுங்கடா இப்பிடி" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். தலைப்பக்கம் ஒட்டியிருந்த சதையைக்கூடச் சுரண்டித் தின்றாள். எங்களுக்கு என்று ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.